ஆண்ட்ராய்டு திரைகளுக்கு அடிப்படை வகுப்பு அமைக்கும் முறை

ஆண்ட்ராய்டு செயலியொன்றில் திரைகள் நாலைந்தைத் தாண்டியதுமே, பைண்டிங்கை (திரையின் உறுப்புகளைக் குறிநிரலிலிருந்து அணுகத் தரும் பொருள்) உருவாக்குவது, வியூமாடலின் (திரைக்கான தரவை வைத்திருக்கும் வகுப்பு) நிலையைக் கவனிப்பது, பிழைச் செய்தி காட்டுவது என ஒரே வரிகள் எல்லா ஃபிராக்மென்ட்களிலும் (திரைகளை உருவாக்கும் வகுப்புகள்) திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். அவற்றையெல்லாம் அள்ளி ஓர் அடிப்படை வகுப்பில் போட்டுவிடத் தோன்றுவது இயல்பே. ஆனால், திரையின் ஆயுளோடு பிணைந்ததும் எந்தத் திரையாலும் தவிர்க்க முடியாததுமான வேலைக்கு மட்டுமே அங்கே இடமளிக்க வேண்டும்.

அந்தத் தகுதி முதலில் பைண்டிங்குக்கு உண்டு. ஃபிராக்மென்ட்டின் ஆயுள் வேறு, அதன் வியூவின், அதாவது கண்ணுக்குத் தெரியும் காட்சியின், ஆயுள் வேறு. பயனர் அடுத்த திரைக்குச் செல்லும்போது, பழைய ஃபிராக்மென்ட் பேக் ஸ்டாக்கில் (பின்னே திரும்புவதற்காக முந்தைய திரைகளை வைத்திருக்கும் அடுக்கு) உயிரோடிருக்க, அதன் வியூ மட்டும் அழிக்கப்படுகிறது. அப்போதும் பைண்டிங் மாறி அந்த வியூவைப் பிடித்துக்கொண்டிருந்தால், அதிலுள்ள படங்கள் உட்பட எதுவுமே நினைவகத்திலிருந்து விடுபடாது. ஆகவே, வியூ பைண்டிங்கை வகை அளவுருவாகக் கொண்ட அப்ஸ்ட்ராக்ட் வகுப்பாக பேஸ்ஃபிராக்மென்ட்டை எழுதி, லேஅவுட்டிலிருந்து வியூவை உருவாக்கும் இன்ஃபிளேட் ஃபங்ஷனை அதன் கன்ஸ்ட்ரக்டர் வழியே பெறுங்கள். உள்ளே நல் (null, வெற்று மதிப்பு) ஆகக்கூடிய பிரைவேட் மாறியொன்றை வைத்து, ஆன்கிரியேட்வியூவில் நிரப்பி, ஆன்டெஸ்ட்ராய்வியூவில் நல் ஆக்குங்கள். கோட்லின் மொழியில் ஓவர்ரைடு செய்த ஃபங்ஷனை வழிவந்த வகுப்புகள் மீண்டும் ஓவர்ரைடு செய்யலாம் என்பதால், ஆன்கிரியேட்வியூவுக்கு முன் ஃபைனல் என்று குறிப்பிடுவது நல்லது. அடிப்படை வகுப்பு அளவுரு கேட்பதில் தவறில்லை. ஆண்ட்ராய்டு தானாக மீண்டும் உருவாக்க வேண்டிய வழிவந்த ஃபிராக்மென்ட்டுக்குத்தான் அளவுருவற்ற கன்ஸ்ட்ரக்டர் தேவை.

லேஅவுட் எண்ணை அப்ஸ்ட்ராக்ட் வாலாக (val) அறிவித்து, அதை அடிப்படை வகுப்பின் இனிட் பகுதியிலேயே (பொருள் உருவாகும்போது ஓடும் பகுதி) படிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால், இனிட் ஓடும்போது வழிவந்த வகுப்பின் மதிப்பு இன்னும் நிரப்பப்பட்டிருக்காது. கிடைப்பது 0 மட்டுமே. கம்பைலர் இதைப் பிழையென்று தடுக்காது.

நிலையைக் கவனிக்க, வியூவின் ஆயுளைக் குறிக்கும் வியூலைஃப்சைக்கிள்ஓனரையும், திரை தெரியும்போது மட்டும் வேலையை ஓட்டும் ரிபீட்ஆன்லைஃப்சைக்கிளையும் இணைத்த சிறு புரொடெக்டட் ஃபங்ஷன் ஒன்று போதும். திரை பின்னணிக்குப் போனதும் நிலையைச் சேகரிப்பது நின்று, திரும்பியதும் தொடங்கும்.

அனுமதி கேட்பது, டூல்பார் அமைப்பது, பயன்பாட்டுப் பதிவு போன்றவற்றை வெளியே நிறுத்துங்கள். கோட்லினில் ஒரு வகுப்புக்கு ஒரே தாய் வகுப்புதான். கீழிருந்து எழும் பலகைக்கான பாட்டம்ஷீட்டயலாக்ஃபிராக்மென்ட்டிலிருந்து வரும் திரையால் உங்கள் பேஸ்ஃபிராக்மென்ட்டை நீட்டிக்க முடியாதாகையால், அங்கே வைத்த வசதிகள் அதற்குக் கிட்டாமல் போகும். எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷனாகவோ டெலிகேட்டாகவோ எழுதினால் இரு வகைத் திரைகளுக்கும் உதவும். டூல்பார் வேண்டுமா, லோடர் வேண்டுமா என்று பூலியன் கொடிகள் அடிப்படை வகுப்பில் முளைக்கத் தொடங்கினால், அந்த வகுப்பைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

பழைய திரைகளை ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். டீபக் பில்டில் நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்கும் லீக்கேனரியைச் சேர்த்து, மாற்றிய திரையிலிருந்து அடுத்த திரைக்குச் சென்று பாருங்கள். அழிந்த வியூவை எதுவும் பிடித்திருந்தால், எந்த மாறி பிடித்திருக்கிறது என்பதற்கான தடத்தை லீக்கேனரி காட்டும். பெரும்பாலும் அகப்படுவது, ஃபிராக்மென்ட்டில் புலமாக வைத்துவிட்ட ரீசைக்ளர்வியூ அடாப்டர் (பட்டியலுக்குத் தரவை ஊட்டும் பொருள்).