மாடு பாலை அடக்கிக்கொள்கிறதா?

பெங்களூரில் எலகங்கா, கெங்கேரி பக்கம் ஒன்றிரண்டு கலப்பின மாடு வைத்திருக்கும் நம்மவர்கள் சொல்லும் குறை இது: மடி கனத்திருக்கும், பால் இறங்காது. பால் ஊற வளர்ச்சி ஹார்மோனும் புரோலாக்டினும் நல்ல தீனியும் வேண்டும். ஊறிய பாலைக் காம்புக்குத் தள்ளுவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். காம்பைத் தொட்ட 1-2 நிமிடத்தில் அது வேலையைத் தொடங்கும். 5-7 நிமிடத்தில் தணிந்துவிடும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் காம்புகளைத் துடையுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் 3-4 பீச்சை அடர்நிறக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள்; திரிதிரியாக வந்தால் மடிநோய். பிறகு காம்பு விம்மி நிற்கும். உடனே கறங்கள். தீவனம் அள்ளிவரப் போனால் அந்த நேரம் வீண்.

சந்தில் பட்டாசு, நாய்க் குரைப்பு, முதுகில் ஓர் அடி, எதுவானாலும் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் ஹார்மோன் ஏறும். அது மடிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து ஆக்ஸிடோசினைச் செயல்பட விடாது. அரைமணி நேரம் அமைதியாக விட்டு, மறுபடி துடைப்பதிலிருந்து தொடங்குங்கள். அதே ஆள், அதே நேரம் என்றால் மாடு பழகிவிடும். வாளிச் சத்தத்துக்கே சுரக்கும்.

தினமும் ஆக்ஸிடோசின் ஊசி போடுவதைத் தயவுசெய்து விடுங்கள். ஊசி இல்லாமல் மாடு தானாக இறக்குவது குறைந்துபோகும். கால்நடை மருத்துவர் சீட்டில் மட்டுமே வாங்க வேண்டிய மருந்து அது.

மடியில் தேங்கும் பால் அடுத்த சுரப்பையும் குறைக்கும், ஆகவே ஒட்டக் கறங்கள். சினை மாட்டுக்கு, ஈனுவதற்கு 60 நாள் முன்பே கறவையை நிறுத்துங்கள்.