வீட்டுக் கொட்டகைக்கு மிக் வெல்டிங் மெஷின்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர்ப் பட்டறைகளில் ‘சிஓடூ வெல்டிங்’ என்ற பெயரிலேயே பழகிப்போன மிக் வெல்டிங், இன்று கார் நிறுத்தும் இடத்திலோ பின்கட்டுக் கொட்டகையிலோ வைத்து வேலை செய்யும் அளவுக்குச் சிறிய மெஷின்களில் வந்துவிட்டது. டார்ச் எனும் கைப்பிடியின் வழியே மெல்லிய உலோக ஒயர் தொடர்ந்து ஓடி வந்து, ஆர்க் எனும் மின்பொறியில் உருகி, காற்று படாமல் காக்கும் கேஸின் நடுவே இரும்பை ஒட்டும் முறை இது. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, செடித் தொட்டி ஸ்டாண்டு என்று வீட்டு வேலைகளைத் தாமே செய்ய விரும்புவோர் ஆர்வத்துடன் வாங்குகிறார்கள். அவர்களில் பலர் சில மாதங்களில் அதை மூலையில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் மெஷினின் தரம் அல்ல, தேர்வு தொடங்கிய இடம். பற்றவைக்கப்போகும் இரும்பின் கனம், வீட்டு மின்லைனின் வலு, கேஸ் எங்கே நிரப்பலாம் என்பது ஆகிய மூன்றையும் முடிவு செய்தபின் கடைக்குப் போக வேண்டியவர்கள், மெஷினை வாங்கிய பிறகே இவற்றை யோசிக்கிறார்கள்.

முதல் தவறு, மெஷினின் பக்கவாட்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்புவது. இந்தத் தவறை நானும் செய்தேன். 200 என்று எழுதியிருந்த மெஷினை வாங்கி வந்து, கீசருக்குப் போட்டிருந்த 16 ஆம்பியர் பிளக்கில் செருகி, 5 மில்லிமீட்டர் ஆங்கிளை ஒட்ட முயன்றபோது, ஒரு விரல் நீளம் தையல் (உருகிப் படியும் வெல்டிங் கோடு) ஓடுவதற்குள் எம்சிபி, அதாவது சுமை மீறினால் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் சுவிட்ச், விழுந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. மெஷினில் கோளாறு என்றே எண்ணிக் கடைக்காரரிடம் வாதாடினேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் பிழை என் பக்கம் என்று தெரிந்தது.

அந்தக் கணக்கு எளியது. மிக் வெல்டிங்கில் ஆர்க்குக்குத் தேவையான வோல்ட்டேஜை, ஆம்பியரை 0.05 ஆல் பெருக்கி 14 ஐக் கூட்டி மதிப்பிடுவது வழக்கம். 200 ஆம்பியருக்கு 24 வோல்ட், அதாவது 4,800 வாட். மெஷினுக்குள் வெப்பமாகப் போகும் இழப்பையும், சாதாரண இன்வெர்ட்டர் (மின்னணு முறையில் இயங்கும்) மெஷின்களின் குறைந்த பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் கரண்டில் வேலைக்குப் பயன்படும் பங்கு) சேர்த்தால், 230 வோல்ட் சிங்கிள் பேஸ் லைனிலிருந்து அது 35 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். திருப்பிச் சொன்னால், 16 ஆம்பியர் பிளக்கை வைத்துக்கொண்டு நிம்மதியாக எடுக்கக்கூடிய வெல்டிங் கரண்ட் சுமார் 100 ஆம்பியர்தான். அதற்கு மேல் வேண்டுமானால், மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, குறைந்தது 25 ஆம்பியர் ‘சி’ வகை எம்சிபியும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும், முறையான எர்த்தும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு போட வேண்டும். வீட்டு சர்வீசுக்கு அனுமதிக்கப்பட்ட சுமை அதைத் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மெல்லிய ஒயருள்ள இருபது மீட்டர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மெஷினைச் செருகுவது இதனினும் மோசம். ஒயரிலேயே வோல்ட்டேஜ் இறங்கிவிடுவதால் ஆர்க் நிலையாக நிற்காது, ஒயரும் சூடாகும். மாலை வேளைகளில் 190 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர்களில் இருப்பவர்கள், எந்த வோல்ட்டேஜ் வரை மெஷின் இயங்கும் என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

பெரிய எண்ணை நம்பாதே என்றால் வேறு எதை நம்புவது? மெஷினின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையில் சிறு எழுத்துகளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘எக்ஸ்’ என்ற எழுத்துக்கு எதிரே உள்ள சதவீதம்தான் டியூட்டி சைக்கிள். 200 ஆம்பியருக்கு 30 சதவீதம் என்றிருந்தால், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் மட்டுமே அந்தக் கரண்டில் வெல்டிங் செய்யலாம், மீதி ஏழு நிமிடம் மெஷின் ஆற வேண்டும் என்று பொருள். இதே மெஷின் நிறுத்தாமல் தாங்கக்கூடியது ஏறத்தாழ 110 ஆம்பியர்தான். இந்தச் சதவீதத்தைக் கணிக்கும் சோதனையை 40 டிகிரி வெப்பத்தில் செய்ய வேண்டும் என்பது சர்வதேச விதி. சித்திரை மாதத்தில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் நமக்கு அந்த 40 டிகிரி அன்றாட நிலை. ஆகவே குறைந்த வெப்பத்தில் கணக்கிட்ட சதவீதத்தையோ, சதவீதமே எழுதாத பலகையையோ ஏற்கக் கூடாது.

வீட்டு வேலைக்கு அவ்வளவு ஆம்பியர் தேவையும் இல்லை. சாதாரண இரும்பில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது பட்டறைக் கணக்கு. கிரில்லுக்கும் கேட்டுக்கும் வாங்கும் ஸ்கொயர் டியூப் பெரும்பாலும் 1.2 முதல் 2 மில்லிமீட்டர் வரைதான். 3 மில்லிமீட்டருக்கு 120 ஆம்பியர் போதும். அதற்கும் கனமானதை ஓரம் சாய்வாகத் தேய்த்து இரண்டு தையலாகப் போடலாம். எனவே உண்மையான 160 ஆம்பியர் தரும் மெஷின் வீட்டுக்குத் தாராளம். பலரும் கவனிக்காத மறுபக்கம், மெஷின் எவ்வளவு கீழே இறங்கும் என்பது. நாற்பது, ஐம்பது ஆம்பியரில் ஆர்க் நிதானமாக நிற்காத மெஷின், 1.2 மில்லிமீட்டர் டியூபில் தையல் போடுவதற்குப் பதிலாக ஓட்டை போடும்.

அடுத்த பெரும் குழப்பம் கேஸ். ‘கேஸ் இல்லாமலே ஓடும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, கேஸ் இணைப்பே இல்லாத மெஷினை வாங்கிவிட்டுப் பின்னால் வருந்துவோர் உண்டு. உள்ளே ஃபிளக்ஸ் (உருகும்போது தையலைக் காற்றிலிருந்து காக்கும் பொடி) நிரப்பிய ஒயரைப் போட்டால் சிலிண்டர் வேண்டாம் என்பது உண்மை. காற்று வீசும் திறந்தவெளியில் அது நல்ல துணையும்கூட. ஆனால் புகையும் தெறிப்பும் அதிகம், ஒவ்வொரு தையலிலும் கசடைத் தட்டி எடுக்க வேண்டும், மெல்லிய டியூபில் கை தேறுவதும் கடினம். இரண்டையும் செய்யக்கூடிய மெஷினை வாங்கினாலும் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். கேஸோடு ஓடும் கெட்டி ஒயருக்கு டார்ச் பிளஸ் முனையில் இருக்க வேண்டும். கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் ஒயருக்குப் பெரும்பாலும் மைனஸ் முனையில் இருக்க வேண்டும். முனைகளை மாற்றிக்கொள்ள வழி இல்லாத மெஷின், இரண்டில் ஒரு வேலையை எப்போதும் அரைகுறையாகவே செய்யும்.

கேஸ் என்று முடிவு செய்தால், அதை நிரப்பித் தருபவர் யார், சிலிண்டருக்கு எவ்வளவு டெபாசிட், ரெகுலேட்டர் அதன் வாய்க்குப் பொருந்துமா என்பவற்றை மெஷினுக்கு முன்பே விசாரிக்க வேண்டும். தனி கார்பன் டை ஆக்சைடு மலிவு, இரும்புக்குள் நன்றாக இறங்கும். ஆர்கான் கலந்த கேஸில் தெறிப்பு குறைவு, மெல்லிய தகட்டில் தையல் வழவழப்பாக வரும், விலை மட்டும் அதிகம். ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு விரிந்தால் 500 லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் விட்டால் ஆர்க் எரியும் நேரம் மட்டும் ஐம்பது நிமிடம். இந்தக் கணக்கை வைத்துச் சிலிண்டரின் அளவை முடிவு செய்யலாம். வெக்கை தாங்காமல் பக்கத்தில் ஃபேன் வைத்துக்கொள்பவர்கள், காற்று தையலின் மேல் படாதபடி திருப்பி வைக்க வேண்டும். கேஸ் கலைந்தால் தையல் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக வரும், அதற்கும் மெஷினின் மேல்தான் பழி விழும்.

கடையில் மூடியைத் திறந்து ஒயர் ஓடும் பகுதியை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய இடமோ அதுதான். மோட்டாரும் ரோலரும் பொருத்திய சட்டம் உலோகமா பிளாஸ்டிக்கா, ரோலரில் 0.8 மில்லிமீட்டர் ஒயருக்கான பள்ளம் உண்டா என்று பாருங்கள். டார்ச் கேபிளைச் சுருட்டிப் பிடித்து ட்ரிக்கரை அழுத்தச் சொல்லுங்கள்; அப்போதும் ஒயர் திக்காமல் ஒரே வேகத்தில் வெளியே வர வேண்டும். திக்கினால், வீட்டில் அது ரோலருக்குப் பின்னால் குருவிக்கூடு போலச் சுருண்டு நிற்கும். ஒரு கிலோ ஸ்பூல் (ஒயர்ச் சுருள்) மட்டும் ஏற்கும் மெஷினில் ஒயர் செலவு கிலோவுக்குக் கூடும். 15 கிலோ ஸ்பூலோ, எப்போதாவது வேலை செய்யும் வீட்டில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், தீர்வதற்குள் துருப்பிடிக்கும். 5 கிலோ ஸ்பூல் ஏற்கும் மெஷின்தான் சரியான நடு. டார்ச் கழற்றி மாட்டக்கூடியதாகவும், அதன் முனையில் தேயும் பாகங்களான டிப்பும் நாசிலும் உள்ளூர்க் கடையில் கிடைப்பதாகவும் இருக்கட்டும்.

மிக், ராடு, டிக் ‘மூன்றும் ஒன்றில்’ என்று வரும் மெஷின்களில் ராடு வெல்டிங் (பூச்சுள்ள கம்பியால் ஒட்டும் பழைய முறை) உண்மையிலேயே பயன்படும். டிக் வெல்டிங் (உருகாத டங்ஸ்டன் முனையால் ஒட்டும் முறை) இருக்கிறதே, அலுமினியம் ஒட்டலாம் என்று நினைப்பதுதான் ஏமாற்றம். அதற்கு ஏசி கரண்ட் தரும் டிக் மெஷின் வேண்டும், இவற்றில் பெரும்பாலானவை டிசி மட்டுமே தரும். மிக்கில் அலுமினியம் போட வேண்டுமானால் தனி ஆர்கானும், டெஃப்லான் லைனரும் (டார்ச் கேபிளுக்குள் ஒயர் ஓடும் குழாய்), ‘யு’ வடிவப் பள்ளமுள்ள ரோலரும் தேவை.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். துருவேறிய பழைய கேட்டுகளைத் திறந்த வாசலில் வைத்துப் பழுதுபார்ப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால், மிக் மெஷினே வேண்டாம். துருவையும் பெயின்ட்டையும் ராடு வெல்டிங் தாங்கும் அளவுக்கு மிக் தாங்காது. எது வாங்கினாலும், ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் பற்றவைத்து அந்த வெள்ளைப் புகையை இழுத்தால், அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரக்கூடும்.

கடைக்குப் போகும்போது 1.2 மில்லிமீட்டர் டியூபில் இரண்டு துண்டும், 5 மில்லிமீட்டர் ஆங்கிளில் இரண்டு துண்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வாங்க நினைக்கும் அதே மெஷினில், நீங்கள் வீட்டில் பயன்படுத்தப்போகும் அதே கேஸிலோ ஒயரிலோ ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிள் தையலைக் குறுக்கே கிரைண்டரால் அறுத்து, உருகிய உலோகம் இரு துண்டுகளுக்குள்ளும் இறங்கியிருக்கிறதா, மேலே மட்டும் படிந்து நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.