மூடுபனியை நம்பி கொங்கிரீட்டை விடாதீங்க

நுவரெலியா பக்கம் சிலேப் போட்டால், “இந்தப் பனியே போதும், போட்ட கொங்கிரீட்டைத் தண்ணி ஊற்றி நனைக்கிறது எதுக்கு?” என்று பாஸ்மார் (மேசன்மார்) சொல்வதுண்டு. நம்பாதீங்க. மேட்டில் அடிக்கிற காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். அதிலும் கிரேட் 50 மாதிரி வலுக்கூடிய கொங்கிரீட்டில் சீமெந்து அதிகம், தண்ணீர் குறைவு. அது உள்ளுக்குள்ளேயே வறண்டு சுருங்கும். மயிரிழை வெடிப்பு விழும்; அதன் வழியே மழைநீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும்.

மட்டம் தட்டிய கையோடு பொலித்தீனால் மூடுங்க. இறுகியதும் நனைத்த சாக்கு விரித்து, மேலே மறுபடி பொலித்தீன். 7 நாளைக்குச் சாக்கு காயக்கூடாது. ஜனவரி, பெப்ரவரி குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும். 10 நாளாவது வையுங்க. பீலித்தண்ணி (மலையிலிருந்து குழாயில் வரும் ஊற்றுத்தண்ணி) ஐஸாக இருந்தால் பெரலில் பிடித்து, வெயில் ஏறிய பிறகு ஊற்றுங்க.