வைரலாகும் முன் சரக்கு இருக்கிறதா பாருங்கள்: சிறுதொழில் விளம்பரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயம் பக்கத்தில் என் சித்தப்பா செக்கு வைத்திருக்கிறார். கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறார். இரண்டு வருடம் முன்பு, உணவு வீடியோ போடும் ஒரு பையன் வந்து செக்கு ஓடுவதையும் எண்ணெய் இறங்குவதையும் படம் பிடித்துப் போனான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்ஸ்டாகிராமில் போட்டான். ஞாயிறு இரவுக்குள் எட்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "போனைக் கீழ வைக்க முடியல கண்ணு. ஜீபேல பணத்தைப் போட்டுட்டு அட்ரஸ் அனுப்பிக்கிட்டே இருக்காங்க. நான் என்ன பண்றது?"

அவர் செக்கில் ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் எடுத்தால் பெரிய விஷயம். அந்த ஒரு வாரத்தில் கேட்டு வந்ததோ நானூறு லிட்டருக்கு மேல். ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட வேண்டும். அவசரத்தில் ஒரே நாளில் கேனில் ஊற்றி அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த கேன்களில் அடியில் மண்டி நின்றது. சில கேன்கள் மூடி கசிந்து, கூரியர்காரர் மற்ற பார்சலும் நனைந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தார். கூகுளில் வரிசையாக ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. இதையெல்லாம்விட என்னை வருத்தியது வேறு. பன்னிரண்டு வருடமாக மாதம் தவறாமல் தூக்குப்போசியோடு வந்து நின்றவர்கள், "எண்ணெய் இல்லீங்க" என்ற பதிலோடு திரும்பிப் போனார்கள். அதில் சிலர் பிறகு வரவே இல்லை.

அதனால் நான் பார்க்கும் முதல் தவறு இதுதான். எப்படி வைரலாவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாளைக்கு ஐம்பது மடங்கு ஆள் வந்தால் என்ன செய்வோம் என்று யாரும் கேட்பதில்லை. 2021 ஜூலையில் மதுரை செல்லூரில் ஒரு பிரியாணிக் கடை, 5 பைசா நாணயம் கொண்டுவந்தால் பிரியாணி என்று அறிவித்தது. கொரோனா காலத்தில் நூற்றுக்கணக்கானோர் முண்டியடிக்க, கடை ஷட்டரை இறக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் சவர பிளேடு விற்கும் டாலர் ஷேவ் கிளப் என்ற கம்பெனி 2012 மார்ச்சில் ஒரு சிறு வீடியோ போட்டது. இணையதளமே முடங்கியது, இரண்டு நாளில் சுமார் 12,000 ஆர்டர் வந்தது. ஆனால் அவர்கள் விற்ற பிளேடு வேறொரு கம்பெனி தயாரித்தது. கூடுதலாக வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம். கையால் செய்கிற முறுக்குக்கும் செக்கில் ஆட்டுகிற எண்ணெய்க்கும் அந்த வழி கிடையாது.

சரி, விளம்பரமே வேண்டாமா? வேண்டும். ஆனால் வீடியோவுக்கு உள்ளேயே அளவைச் சொல்லிவிடுங்கள். "இந்த வாரம் 60 லிட்டர்தான், அடுத்தது புதன்கிழமை" என்று ஒரு வரி போதும். பழைய வாடிக்கையாளருக்கு உரிய பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை விற்கலாம். கொடுக்க முடியாத சரக்குக்குப் பணம் வாங்காதீர்கள்.

ஊர்ப் பெயரும் விலையும் சொல்லாமல் விடுவது அடுத்த தவறு. "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்று எழுதினால் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். வருகிற மீதிப் பேருக்கு ஒரே பதிலை நூறு முறை தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

வலைப்பதிவு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நிறையப் பேர் செய்வது, தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, "எங்களிடம் தரமான பொருட்கள் நியாயமான விலையில் கிடைக்கும்" என்று ஒரு பத்தி. அதை யார் தேடி வந்து படிப்பார்கள்? வாடிக்கையாளர் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விதான் பதிவு. சித்தப்பாவிடம் வாரத்துக்கு நான்கு பேராவது கேட்பது, "கடலை எண்ணெயில் வடை போட்டா நுரை பொங்குதே, கலப்படமா?" என்பது. கலப்படம் இல்லை. சுத்திகரிக்கும்போது நீக்கிவிடுகிற பசைப்பொருளும் துளி ஈரமும் செக்கு எண்ணெயில் அப்படியே இருக்கும், அதனால்தான் நுரைக்கிறது. சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றாமல், நிதானமான தீயில் காயவைத்தால் சமாளிக்கலாம். இதை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, சட்டியில் நுரை எழும் படத்தையும் சேர்த்துப் போட்டோம்.

இன்னொரு பதிவு விலையைப் பற்றி. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் அதற்கே 325 ரூபாய். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, கரண்ட், கூலி, பாட்டில் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டினோம். அதற்கப்புறம் "பாக்கெட் எண்ணெய் இதில் பாதி விலைதானே" என்று கேட்பவர்களுக்கு அந்தப் பதிவை அனுப்பினால் போதும் என்றாகிவிட்டது. வீடியோ மூன்று நாளில் கீழே போய்விடும். இந்த மாதிரிப் பதிவை ஒருவர் அடுத்த வருடமும் கூகுளில் தேடிக் கண்டுபிடிப்பார். ஆனால் நான்கு பதிவு போட்டுவிட்டு யாரும் வரவில்லை என்று மூடிவிட்டால் பலனில்லை. மாதத்துக்கு இரண்டு என்றாலும் தொடர்ந்து எழுதுங்கள்.

வைரலாக வேண்டும் என்ற ஆசையில் மருந்துப் பேச்சு பேசுவது ஆபத்தான தவறு. "சர்க்கரை குணமாகும்", "மாரடைப்பே வராது" என்று போட்டால் வேகமாகப் பரவும் என்பது உண்மைதான். நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் யாரோ ஒருவருடைய அப்பா. தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தைலம், மூலிகைப் பொடி விற்பவர்களுக்கு 1954 சட்டம் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம் உட்பட ஒரு நீண்ட நோய்ப் பட்டியலைக் கொடுத்து, இவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது.

வீட்டு ஆட்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போட வைப்பதும் வேண்டாம். "சூப்பர், அருமை" என்று ஒரே நாளில் இருபது விழுந்தால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். வீடியோ போடுபவருக்குப் பணமோ இலவசப் பொருளோ கொடுத்திருந்தால், அது விளம்பரம் என்று வீடியோ இருக்கும் மொழியிலேயே தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத்தான் கேட்கிறது.

வாட்ஸ்அப்பில் பரவுகிற படத்தில் கடைப் பெயர், ஊர், போன் எண், சலுகை முடியும் தேதி நான்கும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். தேதி இல்லாத ஆடித் தள்ளுபடிப் படம் அடுத்த ஆடிக்கும் சுற்றும். அந்த விலைக்குத்தான் வேண்டும் என்று ஆள் வந்து நிற்கும்.

கடைசியாக ஒன்று. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கை அரசு தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் ஒரே இரவில் தங்கள் ஆட்களை இழந்தார்கள். இன்றைக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு முடங்கினாலும் அதே கதிதான். சித்தப்பா இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். வாங்குகிறவர்களிடம் கேட்டுப் பெயர், போன் எண், எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எத்தனை நாளைக்கு வரும் என்று எழுதிக்கொள்கிறார். தீரப்போகிற வாரத்தில் அவரே கூப்பிட்டு, "கடலெண்ணெய் ஆட்டியிருக்கோம், எடுத்து வைக்கட்டுங்களா?" என்று கேட்கிறார்.