ஜூலு, கோசா வட்டார வழக்குகள்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்க மொழிகளான ஜூலு, கோசாவின் வட்டார வழக்குகளை ஒப்பிட்டு மாணவர்கள் எழுதும் அட்டவணைகள் வருஷா வருஷம் என் மேசைக்கு வரும். அந்த வயதில் நான் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். 'புஸா' என்றால் ஜூலுவில் குடிப்பது, கோசாவில் முத்தமிடுவது என்பது மாதிரி விஷயங்களை அகராதியே திருத்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டே பத்தி போட்ட அட்டவணை

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இடப்பக்கம் ஜூலு, வலப்பக்கம் கோசா, கிடைத்த வழக்கையெல்லாம் இரண்டில் ஒன்றின் கீழே தள்ளிவிடுவது.

ஒரு மாணவர் பாக்கா மக்களின் பேச்சைக் கோசா பத்தியில் வைத்திருந்தார். கோசாவில் 'ஸ' (ஆங்கில z ஒலி) வரும் பல இடங்களில் அவர் காதில் விழுந்தது 'த'. தன் காதுதான் பிழை செய்தது என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் 'ஸ' ஆக்கிவிட்டார். அதோடு நிற்காமல் களக் குறிப்பேட்டையும் அழித்து எழுதியிருந்தார். ஒலிப்பதிவும் கிடையாது. அத்தனை அலைச்சலும் பாழ்.

அந்தத் 'த' பிழையே அல்ல. ஜூலுவும் கோசாவும் அடங்கிய ங்கூனி மொழிக் குழுவை ஸுண்டா, தெகெலா என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். நாய்கள் ஜூலுவிலும் கோசாவிலும் 'இஸின்ஜா', அதே குழுவைச் சேர்ந்த சுவாசி மொழியில் 'தின்ஜா'. முதல் இரண்டும் ஸுண்டா, சுவாசி தெகெலா. பாக்காவும் தெகெலா பக்கம்தான். அந்த மக்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த போர்களில் நட்டாலிலிருந்து தெற்கே பெயர்ந்தவர்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த கிழக்கு கேப் மாகாணத்துப் பள்ளிகளில் கோசா கற்பித்ததால் அவர்கள் பேச்சும் 'கோசாவின் கிளை' ஆகிவிட்டது. அந்தப் பாடப்புத்தகக் கோசாவுக்கும் ஒரு ஊர் உண்டு: 1823இல் தியூமே பள்ளத்தாக்குக்கு மிஷனரிகளின் அச்சு இயந்திரம் வந்தது, அந்தப் பக்கத்து ங்கிகா மக்களின் (கோசாக்களில் ஒரு பிரிவினர்) பேச்சு அச்சேறியது. முழு பைபிள் கோசாவில் 1859இல் வந்தது, ஜூலுவில் 1883இல்.

ஆகவே ஊர்வாரியாகப் பத்தி போடுங்கள்: லுசிகிசிகி, பிசானா, க்வாபாக்கா, உம்ஸிம்கூலு. மொழிப் பெயரைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளிடம் மட்டும் கேட்டால் பாடப்புத்தகம்தான் திரும்பி வரும், பாட்டிமாரிடமும் கேளுங்கள்.

மாகாண எல்லையை நம்புவது

உம்ஸிம்கூலு 2006இல் கிழக்கு கேப்பிலிருந்து குவாசூலு-நட்டாலுக்கு மாறியது. அதற்காக அங்கே யாரும் மறுநாளிலிருந்து வேறு மாதிரி பேசவில்லை.

மருமகளின் சொல்லை ஊர்ச் சொல்லாக எழுதுவது

ஹ்லோனிபா வழக்கப்படி, மணமான பெண் மாமனார் பெயரில் உள்ள அசையைக்கூட வாயில் எடுக்காமல் மாற்றுச் சொல் போடுவாள். அது அந்த வீட்டு மரியாதை. அடுத்த வீட்டிலும் கேட்டுவிட்டுக் குறியுங்கள்.

ஃபனகலோ

சுரங்கத்துக் கலப்பு மொழி. ஜூலு வழக்குகளில் சேர்க்காதீர்கள்.

தொனி

அசையை ஏற்றியோ இறக்கியோ ஒலிப்பது இரண்டு மொழிகளிலும் பொருளையே மாற்றும். வழக்கமான எழுத்தில் வராது. ஒலிப்பதிவு இல்லாத அட்டவணையை நான் இப்போது வாங்குவதே இல்லை.