சுழியோடிக் கைக்கடிகாரம் ஒன்றை வீட்டிலேயே கோர்த்தல்

1970களில் பிரித்தானியக் கடற்படைச் சுழியோடிகளுக்காக ரோலெக்ஸ் செய்த 5517 கடிகாரத்தை வாள் வடிவ முட்களும், அறுபது நிமிடத்துக்கும் கோடிட்ட சுழல்வளையமும், கழற்ற முடியாத பட்டிக் கம்பிகளும் அடையாளம் காட்டும். அந்தச் சாயலில் ஒன்றைக் கோர்க்க, தேதி காட்டாத சீக்கோ என்எச்38 இயந்திரமே என் தெரிவு. மணிக்கு 21,600 முறை துடிக்கும் அது, முழுதாக முறுக்கினால் ஏறக்குறைய 41 மணித்தியாலம் ஓடும்.

திருகோணமலையில் கடற்காற்றின் உப்பும் ஈரமும்தான் முதல் எதிரி என்பதால், மழைக்காலத்தை விலக்கி, சன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டே பெட்டியைத் திறக்க வேண்டும். விசிறியை மறந்த ஒரு மாலையில் என் விநாடி முள் பறந்துபோய், மறுநாள் பாயின் மடிப்பில் அகப்பட்டது.

பொறுமையைக் கேட்பது, நேரம் திருத்தும் திருகுமுனையை இயந்திரத்தோடு இணைக்கும் தண்டை வெட்டும் வேலையே. அளவுக்கு மேல் வெட்டிக் குட்டையாகிப்போன தண்டு எதற்கும் உதவாது. ஆகவே சற்று நீளமாக வெட்டி, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, பொருத்திப் பார்த்து, மீண்டும் கழற்றி அராவ வேண்டும். மூன்று முட்களும் பன்னிரண்டில் நிற்கும்படி அவற்றை அழுத்துங்கள்.

ரப்பர் வளையங்களுக்குச் சிலிக்கோன் கிறீஸ் பூசி மூடியபின், கடிகாரத்தை இளஞ்சூடாக்கிக் கண்ணாடிமேல் ஒரு துளி குளிர்நீர் விடுங்கள். உட்புறம் பனித்தால் ஈரம் இருக்கிறது. அழுத்தச் சோதனை செய்யாமல் கோணேசர் மலையடியில் அதை அணிந்து மூழ்காதீர்கள்.