அமரில்லிஸ் மகரந்தத்தை உலர்த்தி உறைகுளிரில் சேமியுங்கள்

அமரில்லிஸ் என்று பரவலாக அழைக்கப்படும் பூச்செடிகளில் ஓர் இனமான, தொட்டியில் வளரும் ஹிப்பியாஸ்ட்ரம் பாப்பிலியோவை வேறோர் இனத்துடன் கலக்க விரும்புவோர், மலர் விரிந்ததும் மகரந்தப் பைகளைக் கிள்ளியெடுத்து, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, சிறு சிறு காகித மடிப்புகளாகப் பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடிய டப்பாவில் இட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். பிரேசிலின் அட்லாண்டிக் கடலோரக் காடுகளைச் சேர்ந்த இந்த இனமும் அதன் உறவினங்களும் நம் தொட்டிகளில் ஒரே வாரத்தில் பூப்பது அரிது. மகரந்தத்தை விரைவில் கெடுப்பவை ஈரமும் வெப்பமுமே என்பதால், இரண்டையும் விலக்கிவிட்டால் பல வாரங்கள் கழித்து மலரும் செடிக்கும் அது பயன்படும். அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தேவைப்படும்போது ஒரு மடிப்பை மட்டும் வெளியே எடுங்கள், ஏனெனில் மீண்டும் மீண்டும் உறைந்து உருகும் மகரந்தம் வீரியம் இழக்கும்.

மழையில் நனைந்த மகரந்தத்துக்கு இம்முறை உதவாது. கடைகளில் கிடைக்கும் பெரிய பூ டச்சுக் கலப்பினங்களுடன் சேர்ப்பதற்கும் இதை நம்ப வேண்டாம்: பாப்பிலியோவுக்கு 22 குரோமோசோம்கள், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 44; இந்த எண்ணிக்கை பொருந்தாததால், மகரந்தம் எவ்வளவு புதிதானாலும் விதை பிடிப்பது குறைவு, முளைத்து வளரும் செடிகளும் பெரும்பாலும் மலடாகவே இருக்கும்.